வாடகையும் குடிபெயர்வும்: யாழ்ப்பாணத்து உத்தியோகத்தரும் கொழும்பு நகரும்

யாழ்ப்பாணச் சமூகத்தின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றைக் கூறப் புகுவோர், ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத்தவர் கொழும்புக்குக் குடிபெயர்ந்தனர் என ஒரே வாக்கியத்திற் கூறி அப்பாற் செல்வது வழக்கம். அவ்வாக்கியம் உண்மையின் ஒரு பாதியையே கூறுகின்றது. வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்ற 1905ஆம் ஆண்டு தொடக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலம் வரையுள்ள ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளிற் பெயர்ந்தவன் ஆள், குடி பெயரவில்லை. உத்தியோகத்தன் கொழும்பில் இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்தான். அவன் மனைவியும் மக்களும் வண்ணார்பண்ணையிலோ சுன்னாகத்திலோ கரவெட்டியிலோ வாழ்ந்தனர். குடும்பத்தை அழைத்துச் செல்வதா, ஊரிலேயே விடுவதா என்னும் கேள்வி வீடுதோறும் எழுந்தது. மிகப் பல வீடுகளில் அதற்குக் கிடைத்த விடை, ‘இப்போது வேண்டாம்’ என்பதே.

இவ்விடைக்கு யாழ்ப்பாணத்தவரின் மண்பற்றைக் காரணமாகக் காட்டுவர். கோயில், கிணறு, வேலி, பனை, உறவு என்பவற்றை விட்டுப் பிரிய மனமில்லாதவர் யாழ்ப்பாணத்தவர் என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்து. இப்பற்று உண்மையானது, அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பற்று என்பது கணக்கைத் துணையாகக் கொண்டே நிலைபெறுகின்றது. கொழும்பு வீட்டு வாடகையும் யாழ்ப்பாணத்துச் சீதன வீடும் ஒருங்கே சேர்ந்துதான் குடும்பத்தை இரண்டாகப் பிரித்து வைத்தன என்பதே இக்கட்டுரை நிறுவ முயல்வது.

உத்தியோகம் நாடிய பயணத்தின் தொடக்கத்தை நன்கறிவோம். அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர்; அவர்கள் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி 1823 முதல் 1855 வரை இயங்கியது. பின்னர் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியும், 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் தோன்றின. சிறு சிறு பரப்புகளாகப் பங்கிடப்பட்ட நிலத்தையும் கிணற்று நீரையும் நம்பி வாழ்ந்த ஒரு குடாநாட்டில், அந்நிலம் தாங்கக்கூடியதிலும் பன்மடங்கு ஆங்கிலம் கற்ற இளைஞரை இக்கல்விக்கூடங்கள் உருவாக்கின. அதே காலத்தில் கொழும்பு வளர்ந்தது. கண்டிக்கான புகையிரதப் பாதை 1867இற் திறக்கப்பட்டது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட துறைமுக அலைதடுப்புச் சுவர் 1885இல் நிறைவேறியபின், காலித் துறைமுகத்தின் முதன்மை கொழும்பைச் சேர்ந்தது. கோப்பியும் அதன்பின் தேயிலையும் கொணர்ந்த வணிகத்துக்கு ஏற்பத் திணைக்களங்கள் பெருகின. திணைக்களங்களுக்கு எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்’ என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழி எழுந்த சூழ்நிலை இதுவே.

போக்குவரத்து ஒரு தடையாக இருந்தமையும் உண்மையே. ‘கச்சேரி’ உத்தியோகத்தராக 1905 சனவரியில் யாழ்ப்பாணம் வந்த லெனாட் வூல்ப், அனுராதபுரம்வரை புகையிரதத்திலும், அதற்கு வடக்கே காட்டினூடாகத் தபால் மூட்டைகளின்மேற் படுத்தவாறு மாட்டுவண்டியிலும் பயணஞ் செய்ததைத் தமது தன்வரலாற்றில் விவரித்துள்ளார். அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பாதை முழுமையாயிற்று. மாலையில் ஏறியவன் மறுநாட் காலையில் இறங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. போக்குவரத்துத்தான் தடையாயிருந்ததெனின் 1905இன்பின் குடும்பங்கள் கொழும்பு நோக்கிப் பெயர்ந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்தது இதற்கு மாறானது. தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் ஊர் வந்து மீளப் புகையிரதம் வழிசெய்தமையால், குடும்பத்தை ஊரில் விட்டுவைத்தல் முன்னையிலும் எளிதாயிற்று. அரசாங்க ஊழியருக்கு விடுமுறைப் பயணத்திற்கென வழங்கப்பட்ட புகையிரத வாரண்டு இதற்குப் பெருந்துணை புரிந்தது. பாதை குடும்பத்தைக் கொண்டுசென்றதிலும் பார்க்க, அதனைப் பிரிந்திருக்கச் செய்ததே மிகுதி.

இனி, கொழும்பின் நிலையை நோக்குவோம். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ ஒன்றரை இலட்சமாயிருந்த நகரக் குடித்தொகை 1911இல் இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. 1946இல் மூன்றரை இலட்சத்தையும் கடந்தது. வீடுகள் அவ்வேகத்திற் பெருகவில்லை. கறுவாத்தோட்டத்து வளவுகள் செல்வர்க்குரியன. புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, மருதானை ஆகிய பகுதிகளில் நெருக்கம் மிகுந்திருந்தது. 1914இற் கொழும்பிற் பரவிய கொள்ளைநோய் செட்டியார் தெருப் பகுதி போன்ற நெருக்கமான வணிகப் பகுதிகளிலேயே கடுமையாக இருந்தது. மறு ஆண்டில் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் நிறைவேறியதும், 1921இல் நகரத் திட்ட அறிஞர் பற்றிக் கெடிஸ் கொழும்பு பற்றி அறிக்கை அளித்ததும், வீட்டுப் பிரச்சினையை ஆட்சியாளர் உணர்ந்திருந்தமைக்குச் சான்றுகளாகும். உணர்தல் வேறு, வீடு கட்டிக் கொடுத்தல் வேறு. கீழ்நிலை எழுதுவினைஞன் ஒருவன் கௌரவமான ஒரு முழு வீட்டைக் குடும்பத்துக்கென எடுப்பின், அரிசிக்கும் விறகுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் சம்பளத்திற் போதியது மிஞ்சாது.

இந்நெருக்கடிக்கு யாழ்ப்பாணத்தவர் கண்ட மாற்று வழி ‘சமறி’. பல ஆடவர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பொதுவாக ஒரு சமையற்காரனை வைத்துக்கொண்டு, மாத இறுதியிற் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. பெயர் ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. பெருந்தோட்டத் துரைமாரும் வணிக நிறுவனத்து இளைஞரும் இவ்வாறு வாழ்ந்தனர். ஆங்கிலேயனுக்கு அது மணவாழ்க்கைக்கு முந்திய சிறிது காலத் தங்கல். யாழ்ப்பாணத்தவனுக்கோ அது மணமாகியபின்னும், பிள்ளைகள் பிறந்தபின்னும், சில வேளை ஓய்வுபெறும் நாள்வரையும் நீடித்தது. ஒரு சமறியிலுள்ளோர் பெரும்பாலும் ஓரூரவராகவோ அயலூரவராகவோ இருந்தனர். ஓரிடம் வெறுமையாயின் அது மருமகனுக்கோ மைத்துனனுக்கோ சென்றது. எழுதுவினைஞர் சேவைப் பரீட்சைக்குத் தோற்ற வந்த இளைஞன் முதலிற் படுத்தது மாமனின் சமறித் திண்ணையில். எந்தத் திணைக்களத்தில் வெற்றிடம் உண்டு, எவர் சொன்னால் எவர் கேட்பார் என்பனவெல்லாம் அவன் அங்கேதான் அறிந்தான். ஊரிலிருந்து வருபவர் கையில் ஒடியல், பனாட்டு, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் என்பன வரும். திரும்பும்போது கொழும்புக் கடைச் சாமான் போகும். சுருட்டுக்கடை வைத்திருந்த யாழ்ப்பாண வணிகரும் கடை ஊழியரும் கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கினர் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும். உத்தியோகத்தனின் சமறி, வணிகனின் கடை வாழ்க்கையின் காற்சட்டை அணிந்த வடிவமே.

இச்சமறிகளின் கணக்குப் புத்தகங்கள் நமது பொருளாதார வரலாற்றுக்குக் கிடைத்தற்கரிய மூலங்கள். ஓர் இறாத்தல் சீனியின் விலை முதல் வீட்டு வாடகைப் பங்குவரை மாதந்தோறும் அவற்றிற் பதியப்பட்டது. பழைய கொப்பிகளின் விதி கடலை சுற்றுவதாக இருக்கும் நாட்டில் அவை பெரும்பாலும் அழிந்தன. எனினும் ஊர் வீடுகளின் தகரப் பெட்டிகளில் ஒன்றிரண்டேனும் எஞ்சியிருத்தல் கூடும். மாணவர் விடுமுறைக்கு வீடு செல்லும்போது அப்பெட்டிகளைத் திறந்து பார்த்தல் நன்று.

சமறி வாழ்க்கையின் அடிப்படைக் கணக்கு எளியது: கொழும்புச் சம்பளத்தைப் பெற்று யாழ்ப்பாண விலையிற் செலவு செய்தல். சமறிப் பங்கு போக எஞ்சிய பணம் காசுக்கட்டளையாக ஊர் சேர்ந்தது. ஊரில் வாடகை இல்லை. வளவில் முருங்கையும் தேங்காயும் கிணற்றுநீரும் உண்டு. தாயோ மாமியோ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வர். மிச்சம் பிடித்த பணம் சீட்டிலும் காணியிலும் இடப்பட்டு மகளின் சீதனமாயிற்று. ஓய்வூதியமும் இக்கணக்கின் ஓர் உறுப்பே. நகரச் சம்பளத்தை அளவாகக்கொண்ட ஓய்வூதியத்தைக் கச்சேரியிற் பெற்று, ஊர்ச் செலவில் வாழலாம். 1898இல் ஏற்பட்ட விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்திட்டம், அவன் இறப்பினும் மனைவிக்கு ஒரு வருவாயை உறுதிசெய்தது. கொழும்பில் வீடெடுப்பவன் இவ்வனைத்தையும் வாடகையாக வேறொருவனுக்குக் கொடுத்துவிடுகிறான் என்றே ஊரார் கருதினர். அவர்கள் கருதியது தவறெனக் கூறவியலாது.

சொத்துரிமை வழக்கும் இதே திசையில் இழுத்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இற் தொகுக்கப்பெற்று, ஆங்கிலேயரால் 1806இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேசவழமையின்படி சீதனம் பெண்ணின் உடைமை. மணமகன் பெரும்பாலும் அவள் வீட்டில் அல்லது அவள் வளவிற் குடியமர்ந்தான். 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின்கீழ், மனைவி தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் அதனைத் தானே விற்கவும் இயலாது. இதற்குமேல், விற்கும் காணியை முதலிற் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் அறிவிக்கவேண்டும் என்னும் முற்கொள்வனவு உரிமையும் இருந்தது. எனவே, ஊரில் உள்ளதை விற்றுக் கொழும்பில் வாங்குவது என்பது ஓர் ஆடவனின் தனித் தீர்மானமாக இருக்க வழியில்லை. அது மனைவியின் கையொப்பத்தையும் சுற்றத்தின் மௌனத்தையும் வேண்டி நின்றது. சுற்றம் மௌனமாயிருப்பதில்லை.

காரணம் வாடகையா, மண்பற்றா என்பதைச் சோதித்தறிய ஒரு வழியுண்டு. வீட்டு வசதி அளிக்கப்பட்ட இடங்களில் இதே மக்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் எனப் பார்த்தல் வேண்டும். மலாயா சென்றோரை எடுத்துக்கொள்வோம். புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைத் துறையிலும் சேர்ந்த யாழ்ப்பாணத்தவர் முதலில் தனியாகவே கப்பலேறினர். பின்னர் ஊர் வந்து மணம் முடித்து மனைவியரையும் அழைத்துச் சென்றனர். கோலாலம்பூரின் பிறிக்பீல்ட்ஸ், செந்தூல் ஆகிய இடங்களிற் புகையிரதப் பகுதி ஊழியர்க்கு அரசாங்கக் குடியிருப்புகள் இருந்தன. அங்கே பிள்ளைகள் பிறந்தனர். கோயில்களும் சங்கங்களும் எழுந்தன. இலங்கைக்குள்ளும் இதுவே நிகழ்ந்தது. வெளியூர்களிற் குடியிருப்பு வசதி பெற்ற புகையிரத நிலைய அதிபர், தபாலதிபர், அப்போதிக்கரிமார் குடும்பத்தோடு வாழ்ந்தனர். கடல் கடந்த மலாயாவுக்குக் குடும்பம் சென்றது; ஒரே இரவுத் தூரத்திலிருந்த கொழும்புக்குச் செல்லவில்லை. தூரமும் மண்பற்றும் இம்முரண்பாட்டை விளக்கமாட்டா.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, இத்தெரிவு யாழ்ப்பாணத்தவர் அனைவர்க்கும் இருந்ததன்று. ஆங்கிலப் பாடசாலைகளின் வாயில் பெரும்பாலும் நிலமும் சாதி உயர்வும் உடையோருக்கே திறந்திருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் சம ஆசனம் பெறுவதற்கே போராடவேண்டியிருந்த காலம் அது. கொழும்பா, ஊரா எனத் தயங்கும் வாய்ப்பே ஒரு சலுகை. மற்றது, மேற்கூறிய கணக்கு ஆடவன் எழுதிய கணக்கு. வேலி கட்டுவித்தல், நீரிறைப்பு, குத்தகை அறவிடல், பிள்ளையின் காய்ச்சல், மாமியின் மரணம் என்பவற்றைத் தனித்து நின்று நடத்தியவள் மனைவி. ஆண்டிற் சில வாரங்கள் மட்டும் தந்தையைக் கண்ட பிள்ளைகள் அவனை விருந்தாளியாகவே அறிந்தனர். காசுக்கட்டளைச் சிட்டையில் இச்செலவுக்கு நிரல் இல்லை. யாழ்ப்பாணத்துப் பெண்ணின் நிருவாக ஆற்றலைப் புகழ்ந்து எழுதுவோர் அது எவ்விலைக்குப் பெறப்பட்டதென்பதையும் எழுதுதல் வேண்டும்.

முதல் மாற்றம் கல்வியால் வந்தது. மருத்துவக் கல்லூரியும் சட்டக் கல்லூரியும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொழும்பில் இயங்கின. 1921இற் பல்கலைக்கழகக் கல்லூரியும் அங்கேயே திறக்கப்பட்டது. தந்தை சமறியில், மகன் விடுதியில், தாயும் ஏனையோரும் ஊரில் என ஒரு குடும்பம் மூன்று அடுப்பாகியபோது பழைய கணக்கு பிழைத்தது. இரண்டு அடுப்புக்குச் சமறி மலிவு. மூன்று அடுப்புக்கு வாடகை வீடே மலிவாகலாம். கரையோரப் புகையிரதத்தில் ஏறிக் கோட்டைக்கு விரைவிற் செல்லக்கூடிய பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும் அத்தகைய குடும்பங்களை ஈர்த்தன. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலையும், 1902இல் நிறுவப்பட்ட விவேகானந்த சபையையும் மையமாகக்கொண்ட வடகொழும்புத் தமிழ் வாழ்க்கை மெல்லத் தெற்கு நோக்கியும் பரந்தது. 1942இற் கொழும்புத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் எழுதி 1940இல் ‘நானாடகம்’ என வெளியிட்ட தொகுதியில் ஒரு நாடகத்தின் பெயர் ‘நாட்டவன் நகர வாழ்க்கை’ என்பதாகும். நகர வாழ்க்கை மேடைக்குரிய பொருளாகும் அளவுக்கு அக்காலத்தவர் சிந்தனையில் இடம்பெற்றிருந்தமையை அப்பெயரே காட்டுகின்றது.

இரண்டாவது மாற்றம் சட்டத்தால் வந்தது. வரலாற்றாசிரியர் இதனைப் போதிய அளவு கவனித்திலர் என்பது நமது கருத்து. போர்க்கால வாடகை உயர்வைத் தடுக்க 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச்சட்டம் நிறைவேறியது. அதன் இடத்தை 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் பெற்றது. 1941 நவம்பர் மாத வரி மதிப்பீட்டை அடிப்படையாகக்கொண்டு நியம வாடகை வரையறுக்கப்பட்டது. வாடகைக்காரனை எளிதில் வெளியேற்றவும் முடியாதாயிற்று. சம்பளம் ஏற, வாடகை நின்றது. முன்னர்க் குடும்பத்தைத் தடுத்த அதே வாடகை இப்போது குடும்பத்தை அழைத்தது. ஆயின் இந்நன்மை வீடு பிடித்திருந்தவனுக்கே உரியது. பின் வந்தவனுக்கு வாடகை வீடு அரிதாயிற்று. சட்டம் தடுத்திருந்த முற்பணத்தை மறைவிற் கொடுத்தோ, பிறர் வீட்டின் பக்க அறைகளில் ஒண்டியோ அவன் வாழ்ந்தான். அண்ணன் வெள்ளவத்தையிற் குடும்பத்தோடும், தம்பி அதே தெருவிற் சமறியிலும் வாழ நேர்ந்தமைக்கு அவர்தம் மனப்பாங்கன்று, வந்து சேர்ந்த ஆண்டே காரணம்.

இவ்வாறு குடிகள் பெயரத் தொடங்கிய வேளையிலேதான் அரசியல் குறுக்கிட்டது. 1956ஆம் ஆண்டு இரு விடயங்களால் நினைவுகூரப்படுவது. அவ்வாண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. பயணம் விரைவாகிய ஆண்டில், பயணத்துக்குக் காரணமாயிருந்த உத்தியோகம் ஐயத்துக்கிடமாயிற்று. 1958ஆம் ஆண்டு வன்செயலின்போது கொழும்பு முகாம்களிலிருந்த ஆயிரக்கணக்கான தமிழர் கப்பல் மூலம் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் கரையிறங்கியபோது, முன்பு கஞ்சத்தனம் எனப் பரிகசிக்கப்பட்ட முடிவொன்று வேறொரு பொருள் பெற்றது. ஊர் வீட்டை வைத்திருந்தவனுக்குத் திறக்க ஒரு கதவு இருந்தது. விற்றுவிட்டு வந்தவன் உறவினர் வீட்டு விறாந்தையில் இறங்கினான். 1977இலும் 1983 யூலையிலும் இதே காட்சி இன்னும் கொடிதாக மீண்டது. 1958இன்பின் பலர் கொழும்புக்குத் திரும்பினர். 1983இன்பின் திரும்பாது கடல் கடந்தவர் மிகப் பலர். இடையில், வீட்டுடைமைக்கு உச்சவரம்பு விதித்த 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், பல வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டு வாழலாம் என எண்ணியிருந்தோரின் கணக்கையும் மாற்றியிருந்தது.

1990 யூன் மாதத்துடன் யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றது. அதனோடு பழைய ஏற்பாடு தலைகீழாயிற்று என்றே கூறவேண்டும். உழைப்பவன் நகரிலும் குடும்பம் ஊரிலும் என்றிருந்தது மாறி, உழைப்பவன் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்க, பெற்றோரும் மனைவியும் பிள்ளைகளும் கொழும்பு விடுதி அறைகளிற் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் காத்திருந்தனர். வாடகை மீண்டும் பெருஞ்சுமையாயிற்று. ஆனால் இம்முறை அதனைச் செலுத்தியது வெளிநாட்டுப் பணம். 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி உடைமைச் சட்டம் வகுத்த வழியில் வெள்ளவத்தையின் பழைய தனி வீடுகள் இடிக்கப்பட்டு மாடிவீடுகள் எழுந்தன. அவற்றுட் பல புலம்பெயர்ந்தோர் பணத்தால் வாங்கப்பட்டவை. சீதன உறுதிகளில் வளவும் கிணற்றுப் பங்கும் எழுதப்பட்ட இடத்திற் கொழும்பு மாடிவீட்டின் இலக்கம் எழுதப்படலாயிற்று. எனினும் இருப்பிடத்தின் நிச்சயமின்மை நீங்கவில்லை. 2007 யூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர் பொலிசாரால் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வாடகையைத் தவறாது செலுத்தியிருந்தும் தங்கியிருக்க உரிமை உண்டா என்னும் கேள்வி, பழைய சமறிக்காரன் தன் கணக்கிற் சேர்த்திராத ஒன்று.

2014 ஒக்ரோபரிற் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. பழைய சமறிக்காரர் ஏறி இறங்கிய அதே பாதையில் இப்போது எதிர்த்திசைப் பயணிகளையும் காணலாம். கொழும்பு மாடிவீட்டிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருவோர் சிலர். உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகளில் தம் வளவின் எல்லையைத் தேட வருவோர் வேறு சிலர். அவர்கள் கையிலிருக்கும் உறுதிகளிற் பல, கொழும்பில் வீடெடுக்காது மிச்சம் பிடித்த காசிற் பாட்டன்மார் எழுதுவித்தவை.